கடலூர் நிலப்பரப்பில் டாங்கி அந்தரத்தில் நிற்பது ஏன்?

இரு கணினிகளை இணைத்து இயக்கும் உங்கள் ராணுவப் பயிற்சிச் சிமுலேட்டரில் கோளாறு இணைப்பில் இல்லை, உயரக் கணக்கில் இருக்கிறது. வெள்ளிக் கடற்கரையில் நிறுத்திய டாங்கி இரண்டாவது கணினியில் ஏறத்தாழ 90 மீட்டர் உயரத்தில் மிதக்கிறது என்கிறீர்கள். அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

சிமுலேட்டர்கள் தமக்குள் தகவல் பரிமாறும் டிஐஎஸ் நெறிமுறை, இருப்பிடத்தைப் பூமியின் மையத்திலிருந்து அளந்து, டபிள்யூஜிஎஸ் 84 முறையில் அனுப்புகிறது. அம்முறை பூமியைச் சற்றே தட்டையான, சீரான கோளப் பரப்பாகக் கொள்கிறது. உங்கள் வரைபட உயரமோ கடல்மட்டத்திலிருந்து அளந்தது. நம் கரையோரத்தில் கடல்மட்டம் அந்தக் கணிதப் பரப்புக்குச் சுமார் 90 மீட்டர் கீழே இருக்கிறது! அனுப்பும் கணினி அந்த 90 மீட்டரைக் கழிக்காமல் விட்டிருக்கலாம்.

டாங்கியை நிறுத்தியும் ஓட்டியும் இரு திரைகளிலும் உயரத்தை ஒப்பிடுங்கள். வித்தியாசம் மாறாவிட்டால் காரணம் இதுதான். ஓடும்போது மட்டும் துள்ளினால், நகர்வை முன்கணிக்கும் பகுதியைப் பாருங்கள்.

தயவுசெய்து நிரலில் 90 என்று நிலையாக எழுதிவிடாதீர்கள். இந்த வித்தியாசத்தை இடத்துக்கு இடம் தரும் இஜிஎம் 96 அட்டவணையைப் பயன்படுத்துங்கள். மேற்கு ஐரோப்பாவில் கடல்மட்டம் அப்பரப்புக்கு மேலே இருக்கிறது. கூட்டுப் பயிற்சியில் அங்குள்ள சிமுலேட்டருடன் இணைத்தால் பிழை இன்னும் பெரிதாகும்.