கிணற்றில் மண்ணெண்ணெய் வாடை

கேள்வி: ஐயா, எங்கள் வளவுக்குப் பின்னால் ஒரு லொறி கராஜ் இருந்தது. கழிவு எண்ணெய், டீசல் எல்லாம் ஒரு குழியில்தான் ஊற்றுவார்கள். கராஜை மூடி இரண்டு வருடம். இப்போது கிணற்றுத் தண்ணீர் மணக்கிறது. இரண்டு தரம் இறைத்தோம், கொதிக்கவைத்துக் குடிக்கிறோம். போதுமா?
– வாசகி ஒருவர், உப்புவெளி

பதில்: போதாது, தங்கச்சி. இறைப்பதை முதலில் விடுங்கள். கிணறு வற்றும்போது சுற்றிலும் உள்ள தண்ணீர் உள்ளே வரும், எண்ணெயும் கூடவே வரும். கொதிக்கவைத்தால் கிருமி சாகும். எண்ணெய் முழுதாகப் போகாது, ஆவி குசினிக்குள் நிற்கும். குளோரினும் உதவாது. குடிக்கவும் சமைக்கவும் வேறு தண்ணீர் எடுங்கள்.

கண்ணாடிப் போத்தலில் அள்ளி வெயிலில் சரித்துப் பாருங்கள். மேலே வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் பெரும்பாலும் எண்ணெய்தான். படலம் இல்லையென்றும் நம்ப வேண்டாம். எரிபொருளில் உள்ள பென்சீன் என்ற நச்சு தண்ணீரில் கரைந்துவிடும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீட்டருக்கு 0.01 மில்லிகிராம்தான். ஆய்வுகூடச் சோதனைக்கு நீர் வழங்கல் சபையில் விசாரியுங்கள். எண்ணெய்க்கென்று கேளுங்கள், இல்லாவிட்டால் கிருமியை மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள்.

துப்புரவை அந்தக் கராஜ் குழியில்தான் தொடங்க வேண்டும். நம் கடற்கரை மணல் எண்ணெயைச் சல்லடைபோல இறக்கிவிடும். ஊறிய மண்ணைத் தோண்டி, தார்ப்பாயில் பரப்பி, ஈரமும் உரமும் போட்டுக் கிளறினால் மண்ணிலுள்ள பக்டீரியாவே டீசலைத் தின்னும், மாதக்கணக்கில். கழிவு எஞ்சின் எண்ணெயில் உலோகமும் இருக்கும். அதைப் பக்டீரியா தொடாது. ஆகவே மண்ணைத் தோட்டத்தில் கொட்டாதீர்கள். சரி, செலவு யாருக்கு? குழியில் எண்ணெய் ஊற்றிய கராஜ்காரருக்குத்தான். பிரதேச சபைக்கு முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள், பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.