கொலைக்குப் பின்னால் யார் என்று குரூப்பில் பேசினேன், வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது

கேள்வி: எனக்கு வயது 62, மும்பை சயானில் இருக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் ஒரு கட்சிக்காரரைச் சுட்டுக் கொன்ற மறுநாள், நம் தமிழ் ஆட்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில், எதிர்க்கட்சிப் பிரமுகர் ஒருவரின் பெயரைச் சொல்லி, "அண்ணனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லப்பா, அவருக்குப் பச்சைக் குழந்தை மனசு" என்று வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அது வெளியே போய், 50 லட்சம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கிறது. போலீஸிலிருந்தும் போன் செய்து ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள். நான் குற்றம் எதுவும் சொல்லவில்லையே?

பதில்: சொல்லித்தான் இருக்கிறீர்கள், ஐயா. புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், அவதூறு பற்றிய 356வது பிரிவிலேயே இதே மாதிரி ஓர் உதாரணம் இருக்கிறது. 'அவர் நேர்மையானவர், கடிகாரத்தைத் திருடவே இல்லை' என்று, திருடினார் எனக் கேட்பவர்கள் நம்பும்படி சொன்னால் அதுவும் அவதூறுதான். கிண்டல், 'இவராக இருக்கும், இல்லாவிட்டால் அவராக இருக்கும்' என்ற இழுவை, கடைசியில் போடும் கேள்விக்குறி எதுவும் கைகொடுக்காது. தண்டனை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சமூக சேவையும் விதிக்கலாம்.

பெரிய தலைகளும் இதில் சிக்கியிருக்கிறார்கள். 2017ல் பெங்களூரில் பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் கொல்லப்பட்டதை ஆர்எஸ்எஸ்ஸோடு முடிச்சுப் போட்டுப் பேசியதாக வந்த புகாரில், ராகுல் காந்தியும் சீதாராம் யெச்சூரியும் 2019 ஜூலையில் இங்கே மஜ்காவ் கோர்ட்டில் ஆஜராகி, குற்றத்தை மறுத்து, ஜாமீன் வாங்கினார்கள்.

ஆனால் பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அவதூறுக்காக மட்டும் போலீஸ் எஃப்ஐஆர் போட முடியாது. அந்தப் பிரமுகர்தான் மாஜிஸ்திரேட்டிடம் தனிப்புகார் கொடுக்க வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின்படி, அதை ஏற்பதற்கு முன் உங்கள் தரப்பையும் கேட்பார்கள். 50 லட்சம் என்று நோட்டீஸில் எழுதுவது சுலபம். வழக்குப் போட்டால் தொகைக்கேற்ப கோர்ட் கட்டணம் கட்ட வேண்டும், பல பேர் அங்கேயே நின்றுவிடுவார்கள். அதற்காக நோட்டீஸைக் கிடப்பில் போடாதீர்கள், வக்கீல் மூலம் பதில் கொடுங்கள். வருத்தம் தெரிவிப்பதாக இருந்தால் அதன் வாசகத்தையும் வக்கீலே எழுதட்டும். நீங்களாக உருகி எழுதும் மன்னிப்புக் கடிதம் நாளைக்கு உங்களுக்கு எதிரான ஆவணமாகும்.

போலீஸ் விஷயம் வேறு. எதற்காக அழைக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கொலை வழக்கில் சாட்சியாக விசாரிக்க என்றால், 60 வயதைத் தாண்டிய உங்களை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. நடைமுறைச் சட்டம் 179வது பிரிவின்படி வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். பகையோ பதற்றமோ உண்டாக்கும் வதந்தி என்று நியாய சன்ஹிதா 353வது பிரிவில் உங்கள் மேலேயே வழக்கு இருந்து, விசாரணைக்கு ஆஜராகச் சொல்லி நடைமுறைச் சட்டம் 35(3)ன்படி நோட்டீஸ் வந்தால், வயதைக் காட்டித் தப்ப முடியாது. வக்கீலோடு போய் ஒத்துழைத்தால் பொதுவாகக் கைது செய்ய மாட்டார்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: போனைத் துடைக்காதீர்கள். அந்த மெசேஜுக்கு முன்னும் பின்னும் குரூப்பில் யார் என்ன பேசினார்கள் என்பது உங்களுக்குத்தான் தேவைப்படும்.