மே சோட்டில் இருக்கும் தங்கை பிள்ளைகளின் படிப்பு

வணக்கம் ஐயா,

பர்மாவிலிருந்து ஆற்றைக் கடந்து தாய்லாந்து எல்லை ஊரான மே சோட்டுக்குப் போன உங்கள் தங்கை அனுப்பிய படத்தைப் பார்த்தேன். பையனின் ஏழாம் வகுப்பு மதிப்பெண் ஏடு எல்லையிலுள்ள மோய் ஆற்றைக் கடக்கும்போது நனைந்து, கணக்கு மதிப்பெண் இருந்த இடம் நீலக் கறையாகிவிட்டது. பள்ளி முத்திரை தெரிகிறது. பத்திரமாக உலர்த்தி வைக்கச் சொல்லுங்கள். 1964இல் கடைகளை பர்மா அரசு எடுத்துக்கொண்டதும் கப்பலேறிய என் சித்தப்பா, பள்ளிச் சான்றிதழை ரங்கூனிலேயே விட்டுப் போனார். மதராஸில் மறுபடி எட்டாம் வகுப்பில் உட்கார வேண்டியதாயிற்று.

மாதம் எவ்வளவு அனுப்பலாம் என்று கேட்டிருந்தீர்கள். பையன் படிக்கும் இடம் தரும் சான்றிதழ் எங்கே செல்லும் என்பதை முதலில் விசாரியுங்கள். மே சோட்டில் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கான கற்றல் மையங்கள் நிறைய உண்டு. அங்கே நன்றாகவே சொல்லித் தருகிறார்கள். ஆனால் பல மையங்களின் சான்றிதழை வெளியே ஏற்பதில்லை. பதினைந்து வயதில் தாய்லாந்து மொழியைப் புதிதாகத் தொடங்குவதைவிட, அமெரிக்கப் பள்ளியிறுதிக்குச் சமமான ஜி.இ.டி. தேர்வே அவனுக்குப் பொருந்தும். பதினாறு வயது நிரம்பியதும் எழுதலாம். பாடங்கள் நான்கு, ஒவ்வொன்றிலும் 145 எடுக்க வேண்டும். தேர்வு மையத்தில் கடவுச்சீட்டு போன்ற அரசு அடையாள ஆவணம் கேட்பார்கள். அதற்கு வழி செய்யாமல் கட்டணம் கட்டினால் ஆற்றில் கரைத்த புளிதான்.

கோயில் நண்பர்கள் உதவ முன்வந்தது நல்லதுதான். இந்தத் தைப்பூசத்தில் தொடங்கி அடுத்த தைப்பூசத்தில் மறந்துபோகும் உதவியை நான் நிறையப் பார்த்துவிட்டேன். குறைந்தது மூன்று ஆண்டுக்கு வாக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். கட்டணத்தோடு வீட்டுக்கு அரிசியையும் கணக்கில் சேருங்கள். மே சோட்டில் தையல் ஆலைகள் இருக்கின்றன. வீட்டில் உலை கொதிக்காவிட்டால் அவன் அங்கேதான் போவான்.

எட்டு வயதுச் சின்னவளைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்கு அவள் மேல்தான் அதிக நம்பிக்கை. தாய்லாந்து அமைச்சரவையின் 2005ஆம் ஆண்டு முடிவின்படி, எந்தக் காகிதமும் இல்லாத பிள்ளையும் அங்கே அரசுப் பள்ளியில் சேரலாம். ஒரு தலைமையாசிரியர் கைவிரித்தால் அடுத்த பள்ளிக்குப் போகட்டும். முதல் ஆண்டு வாயே திறக்கமாட்டாள். இரண்டாம் ஆண்டு சந்தையில் அம்மாவுக்காகப் பேரம் பேசுவாள்.

அங்கே பள்ளிகள் மே மாத நடுவில் திறக்கின்றன. அவள் பிறந்த தேதி உள்ள காகிதம் எதுவானாலும், தடுப்பூசி அட்டையானாலும், இந்த வாரமே படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.