குளிர் நாட்டில் பனை, தென்னை போன்ற மரங்கள் பிழைக்குமா?

சில பனை வகைகள் பிழைக்கும், ஆனால் தென்னையை மறந்துவிடுங்கள். உறைபனி விழுந்தாலே அது கருகிவிடும். நீங்கள் தேட வேண்டியது டிராக்கிகார்பஸ் ஃபார்ச்சூனி. சீன மலைப்பகுதிகளில் வளரும் விசிறி ஓலைப் பனை வகை இது. தண்டு முழுக்க முரட்டு நார் சுற்றியிருக்கும். ஸ்காட்லாந்துத் தாவர சேகரிப்பாளர் ராபர்ட் ஃபார்ச்சூன் 1849இல் இதை லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பினார். நன்கு வேரூன்றிய மரம் மைனஸ் 15 டிகிரி செல்சியஸ் வரைகூடத் தாங்கும். சிறு கன்றுக்கு அந்தத் தெம்பு கிடையாது. முதல் சில குளிர்காலங்களுக்குத் தொட்டியில் வைத்து உள்ளே எடுத்துவிடுவது நல்லது.

பலரும் குளிரையே குறை சொல்வார்கள். என்னைக் கேட்டால், குளிரோடு சேரும் ஈரம்தான் பெரிய எதிரி. இந்த மரத்துக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான்: உச்சிக் குருத்து. அதில் தண்ணீர் தேங்கி உறைந்தால் அழுகல் பிடிக்கும். அதனால் நீர் வடியும் மண்ணில், காற்று அதிகம் அடிக்காத சுவரோரமாக, இளவேனிலில் நடுங்கள். அப்போதுதான் குளிருக்கு முன் வேர் பிடிக்க அவகாசம் இருக்கும். கடுங்குளிரில் ஓலைகளைச் சேர்த்துக் கட்டி, காற்றுப் புகும் துணியால் மூடலாம். பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம், உள்ளே வியர்த்துவிடும்.

குளிர் முடிந்ததும் நடுக்குருத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். அடி பழுப்பேறி, நாற்றத்தோடு கையில் வந்துவிட்டால் பதறி மரத்தை வெட்டிவிடாதீர்கள். அழுகியதை நீக்கி, செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லி ஊற்றிக் காத்திருங்கள். கோடையில் புது ஓலை எட்டிப் பார்ப்பதும் உண்டு.