தன்பாலீர்ப்பாளர்களைக் கிண்டல் செய்து பேசும்போது நாம் குறுக்கிட்டுப் பேசினால் உண்மையில் ஏதாவது மாறுமா?

மாறும். ஆனால் கிண்டல் செய்தவர் திருந்துவார் என்று எதிர்பார்த்துப் பேசினால் சீக்கிரமே அலுத்துப்போவீர்கள். நான் பேசுவது பெரும்பாலும் சுற்றி உட்கார்ந்து சிரிக்கிறவர்களுக்காக.

ஒரு கூட்டமே சிரித்தாலும் எல்லோருக்கும் அந்தப் பேச்சு பிடித்திருக்கிறது என்று அர்த்தமில்லை. பக்கத்திலிருப்பவர் சிரிக்கிறாரே என்று சிலர் சிரிப்பார்கள். பக்கத்திலிருப்பவரும் அதே கணக்கில்தான் சிரித்திருப்பார். ஒருவர் சிரிக்காமல் இருந்தாலே அந்தக் கணக்கு தப்பாகிவிடும். அதோடு, வீட்டில்கூடச் சொல்லாமல் மறைத்து வாழும் ஒருவர் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். யாரிடம் மனம் திறக்கலாம், யாரிடம் வாயே திறக்கக்கூடாது என்று அவர் முடிவுசெய்வது இப்படிப்பட்ட நேரங்களில்தான்.

பிரசங்கம் பலிக்காது. 'சும்மா தமாஷுக்குச் சொன்னேன்பா' என்று அவர் தப்பித்துவிடுவார், நாம்தான் உம்மணாமூஞ்சி ஆவோம். என் அலுவலகத்தில் ஒருவர், அங்கே இல்லாத இன்னொருவரின் நடையை நடித்துக் காட்டி, 'அவன் அந்த மாதிரி' என்றார். 'எந்த மாதிரி? எனக்குப் புரியலையே' என்று சாதாரணமாகக் கேட்டேன். விளக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். விளக்கச் சொன்னால் இந்த ரக ஜோக் எதுவும் தாங்காது. அவர் மனம் மாறிவிட்டதா என்றால், இல்லை. இப்போதும் சொல்கிறார். ஆனால் அதற்கு முன் நான் இருக்கிறேனா என்று ஒரு முறை பார்த்துக்கொள்கிறார். எனக்கு அதுவே பெரிய விஷயம்.

'இது வியாதிதானே' என்று நிஜமாகவே நம்பிக் கேட்பவர்கள் வேறு. அவர்களிடம் பொறுமையாகத் தகவலைச் சொல்லுங்கள். ஈவ்லின் ஹூக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், தன்பாலீர்ப்புள்ள 30 ஆண்களுக்கும் மற்ற 30 ஆண்களுக்கும் ஒரே சோதனைகளை நடத்தி, யார் எவர் என்று சொல்லாமல் முடிவுகளை நிபுணர்களிடம் கொடுத்தார். அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்த ஆய்வு வெளிவந்தது 1957-ல். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973-லும், உலக சுகாதார நிறுவனம் 1990 மே 17 அன்றும் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. அந்த மே 17-தான் இன்று இந்த வெறுப்புக்கு எதிரான நாளாகப் பல நாடுகளில் அனுசரிக்கப்படுகிறது.

'நான் அப்படி இல்ல, இருந்தாலும்...' என்று தொடங்காதீர்கள். அப்படி இருப்பது அவமானம் என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டதாகிவிடும். அப்புறம், வாதத்தில் ஜெயிப்பதற்காக 'என் ஃப்ரெண்டு ஒருத்தர்கூட' என்று யாரையும் இழுக்காதீர்கள். பெயர் சொல்லாவிட்டாலும் ஊகித்துவிடுவார்கள். அது அவர் சொல்ல வேண்டிய விஷயம், நாம் எடுத்து விடக்கூடாது.

எல்லா இடத்திலும் பேசியே தீர வேண்டும் என்பதும் இல்லை. பேசுகிறவர் உங்கள் வேலையைப் பறிக்கக்கூடியவர் என்றாலோ, கை ஓங்கக்கூடியவர் என்றாலோ, முதலில் உங்கள் பாதுகாப்பைப் பாருங்கள். நீங்களே தன்பாலீர்ப்பாளர் என்றால் இந்த வேலையை உங்கள் தலையில் கட்டுவது அநியாயம். பேசினால் பெரிதாக எதையும் இழக்காதவர்கள் பேசட்டும்.

வயதில் மூத்தவர்கள் என்றால் நான் பெரும்பாலும் தனியாக அழைத்துத்தான் சொல்வேன், நாலு பேர் முன்னால் சொன்னால் முறுக்கிக்கொள்வார்கள். பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருந்தால் மட்டும் அந்த நாசூக்கு பார்ப்பதில்லை, அங்கேயே சொல்லிவிடுவேன். கிண்டலைக் கேட்ட பிள்ளைக்கு மறுப்பும் காதில் விழ வேண்டுமே.