சாய்ஸ் ஃபில்லிங்: பட்டியலை அடுக்கும் முன் வந்த கேள்விகள்

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து விருப்பக் கல்லூரிப் பட்டியல் (சாய்ஸ் ஃபில்லிங்) போட்டுக் கொடுப்பதும் வழக்கம். தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வு (டிஎன்இஏ), அறிவியல் படிப்பு இரண்டையும் பற்றி மாணவர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

சார், என் கட் ஆஃப் 188. கிண்டி பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைக்காது என்று தெரியும். ஆசைக்கு அதை முதலில் போட்டால், கீழே இருக்கும் கல்லூரிகள் கைவிட்டுப் போய்விடுமா?
மாணவர், பொள்ளாச்சி

போகாது தம்பி. இந்தப் பயத்தால் நல்ல இடத்தை விட்டவர்கள் நிறையப் பேர், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கட் ஆஃப் (கணிதம், இயற்பியல், வேதியியலிலிருந்து 200-க்குக் கணக்கிடும் மதிப்பெண்) வைத்துத் தரவரிசை வரும்; கலந்தாய்வில் கணினி அந்தத் தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கிறது. உன் முறை வந்ததும் உன் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கும். முதல் வரியில் இடம் தீர்ந்துவிட்டதா, இரண்டாவது வரி. அதுவும் இல்லையா, மூன்றாவது. எந்த வரியில் இடம் இருக்கிறதோ அதை உனக்கு ஒதுக்கிவிட்டுத்தான் அடுத்த ஆளிடம் போகும். நீ முதல் வரியில் கிண்டியைக் கேட்டாய் என்பதற்காக, அதே இட ஒதுக்கீட்டுப் பிரிவில் உனக்குப் பின்னால் இருப்பவர் உன் எட்டாவது வரியை எடுத்துக்கொள்ள முடியாது.

ஆபத்து எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. "இது நிச்சயம் கிடைக்கும்" என்று ஒரு கல்லூரியை மேலே வைத்தால் அதுவே ஒதுக்கப்படும். அதைவிட உனக்குப் பிடித்த ஒன்று அன்றைக்குக் காலியாக இருந்தாலும், கீழே எழுதியிருந்தால் கணினி அதுவரை வரவே வராது. எனவே வரிசை முழுக்க முழுக்க விருப்பத்தின் வரிசையாக இருக்கட்டும். கிடைக்குமா கிடைக்காதா என்ற கணக்கு, பட்டியலை எவ்வளவு கீழே வரை நீட்டுவது என்று முடிவு செய்ய மட்டும் போதும்.

மகள் 12 சாய்ஸ் எழுதி வைத்திருக்கிறாள். எல்லாம் கோவையில், எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ். போதுமா?
ஒரு தந்தை, திண்டுக்கல்

போதாது. எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம், வரம்பு கிடையாது, கட்டணமும் கிடையாது. பிறகு ஏன் 12-ல் நிறுத்த வேண்டும்?

முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். கடந்த ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவு, எந்த இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு எங்கே முடிந்தது என்ற விவரம் டிஎன்இஏ இணையதளத்திலேயே கிடைக்கும். ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் இரண்டு மூன்று வருடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கட் ஆஃப் மதிப்பெண்ணை விடத் தரவரிசை எண்ணை நம்புங்கள். கணிதத் தாள் எளிதாக வந்த வருடத்தில் 190-க்கு மேல் கூட்டம் கூடிவிடும். கடினமாக வந்தால் அதே 190 வெகு முன்னால் நிற்கும். மதிப்பெண் அதேதான், நிற்கும் இடம்தான் மாறுகிறது. பொதுத் தரவரிசையோடு சமூகவாரித் தரவரிசையும் வரும், இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு பட்டியல் மூன்று பகுதியாகத் தானே பிரியும். மகளின் தரவரிசைக்கு முன்பே முடிந்துவிடுகிற இடங்கள் மேலே. அவள் எண்ணுக்கு அக்கம்பக்கத்தில் முடிகிறவை நடுவில். இந்தப் பகுதிதான் நீளமாக இருக்க வேண்டும். அவள் எண்ணைத் தாண்டி வெகு தூரம் வரை இடம் இருக்கிறவை கீழே. கீழே எழுதுவதற்கு ஒரே ஒரு நிபந்தனை: கிடைத்தால் அவள் மனதார அங்கே போய்ச் சேர வேண்டும். போகவே மாட்டாள் என்றால் அந்த வரி எதற்கு?

கோவைக்கு வெளியேயும் பாருங்கள். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி உங்களுக்குக் கோவையை விடப் பக்கம். பிரிவிலும் ஐடி, செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும் போன்றவற்றின் பாடத்திட்டத்தைக் கம்ப்யூட்டர் சயின்ஸோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பொதுவான பாடங்கள் நிறைய இருப்பது தெரியும்.

இன்னொன்று, கல்லூரி எண்ணைச் சரிபாருங்கள். பீளமேட்டில் இருக்கும் பிஎஸ்ஜி தொழில்நுட்பக் கல்லூரி 2006, நீலம்பூரில் இருக்கும் பிஎஸ்ஜி ஐடெக் 2377. பெயரை மட்டும் பார்த்து டிக் செய்தால் குழப்பம் வரும். ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் தனித்தனியாக இருந்தால் கட்டணமும் வேறு.

ஒரே கட் ஆஃப் வந்தால் ரேண்டம் எண்தான் முடிவு செய்யுமா?
மாணவி, அரியலூர்

அது கடைசியில்தான். முதலில் கணித மதிப்பெண், பிறகு இயற்பியல், அப்புறம் மற்ற மதிப்பெண்களும் பிறந்த தேதியும். எல்லாமே ஒன்றாக இருந்தால் மட்டுமே, கணினி குலுக்கல் போலத் தரும் ரேண்டம் எண். கவலைப்படாதே அம்மா.

அரசுப் பள்ளியில் படித்தேன். பக்கத்து ஊர்க் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தால் வீட்டிலிருந்தே போய் வரலாம், செலவு குறையும் என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும்?
மாணவர், திருவண்ணாமலை

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உனக்கு உண்டு. 2021 முதல் பொறியியலுக்கும் அது இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் சேருகிறவர்களின் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அப்பாவிடம் முதலில் இதைச் சொல். செலவுக்குப் பயந்து பக்கத்து ஊரோடு பட்டியலை முடிக்க வேண்டிய தேவையே இல்லை.

உனக்கு அந்த ஒதுக்கீட்டில் தனித் தரவரிசை வரும், பொதுவில் இருப்பதை விட அது வெகு முன்னால் இருக்கும். அந்த எண்ணை வைத்துக் கிண்டி, குரோம்பேட்டை எம்ஐடி, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜிசிடி) என்று மேலே தைரியமாக எழுது. அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லாமல் ஈசிஇ (மின்னணுவியல்), ஈஈஈ (மின் பொறியியல்), மெக்கானிக்கல் கிடைத்தால்? நான் அதையே எடுக்கச் சொல்வேன். நல்ல ஆய்வகமும் நல்ல ஆசிரியர்களும் கூடப் படிக்கும் பிள்ளைகளும் நான்கு வருடத்தில் தருவதைப் பிரிவின் பெயரால் மட்டும் ஈடுகட்ட முடியாது. அந்தப் பிரிவை உனக்குப் பிடிக்கவே பிடிக்காது என்றால் மட்டும் வேறு பேச்சு.

எனக்கு இயற்பியல்தான் பிடிக்கும். வீட்டில் இன்ஜினியரிங் என்கிறார்கள். இரண்டுக்கும் சேர்த்துப் பட்டியல் போட முடியுமா சார்?
பிளஸ் ஒன் மாணவி, நாகர்கோவில்

முடியும். பிளஸ் ஒன்னிலேயே கேட்டாயே, அதுதான் பெரிய சந்தோஷம். அறிவியல் பக்கத்தின் கதவுகள் பல, பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே மூடிவிடுகின்றன. மே மாதம் மார்க் பார்த்துவிட்டு விண்ணப்பிக்கலாம் என்று இருந்தால் கையில் கலந்தாய்வு மட்டும்தான் மிஞ்சும். அடுத்த ஜனவரியிலிருந்தே அறிவிப்புகளைக் கவனி.

ஐசர் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) நிறுவனங்கள் ஏழு இருக்கின்றன. உனக்குப் பக்கம் திருவனந்தபுரம், திருப்பதியிலும் ஒன்று இருக்கிறது. அவற்றுக்கு ஐஏடி என்ற தனித் தேர்வு. அதில் உயிரியலும் ஒரு பகுதி, கணினி அறிவியல் குரூப் எடுத்திருந்தால் அதற்கேற்பத் தயாராகு. அதே போன்ற இன்னொரு நிறுவனமான புவனேஸ்வரம் நைசருக்கு நெஸ்ட் தேர்வு. கணிதம் மேல் காதல் இருந்தால் சென்னை சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம். அங்கே கணிதமும் இயற்பியலும் சேர்ந்த இளநிலைப் படிப்பு இருக்கிறது, நுழைவுத் தேர்வும் அவர்களே வைக்கிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் (ஐஐஎஸ்சி) நான்கு வருட ஆராய்ச்சி இளநிலைப் படிப்பையும் சேர்த்துக்கொள்.

இவை மேல்பகுதி. இவற்றோடு நிறுத்தாதே. சென்னையில் மாநிலக் கல்லூரி, லயோலா, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்ற இடங்களில் பிஎஸ்சி இயற்பியலுக்கும் விண்ணப்பம் போடு. பிஎஸ்சி முடித்து ஜாம் தேர்வு எழுதி ஐஐடி-யில் எம்எஸ்சி சேரும் பாதை திறந்தே இருக்கிறது, ஐசர் கிடைக்கவில்லை என்றால் இயற்பியலே போச்சு என்று இல்லை. கூடவே டிஎன்இஏ-க்கும் பதிவு செய். வீட்டில் பேசும்போது "இன்ஜினியரிங் வேண்டாம்" என்று தொடங்காமல், எழுதப் போகும் தேர்வுகளின் தேதிகளோடு இந்த முழுப் பட்டியலையும் காட்டு. பெற்றோரின் பயம் பெரும்பாலும் "அப்புறம் என்ன?" என்பதுதான். அந்த "அப்புறம்" தாளில் இருந்தால் பேச்சு மாறும்.

மகனுக்கு ஜேஇஇ மெயினில் சுமாரான ரேங்க். என்ஐடி-க்குக் காத்திருப்பதா, டிஎன்இஏ-யில் கிடைப்பதை எடுப்பதா?
ஒரு தாய், ஓசூர்

இரண்டிலும் முழுப் பட்டியல் போடுங்கள். என்ஐடி (தேசிய தொழில்நுட்பக் கழகம்) போன்ற மத்திய நிறுவனங்களுக்கான ஜோசா கலந்தாய்விலும் விருப்ப வரிசைதான் விதி, மேலே சொன்னது அப்படியே பொருந்தும்.

ரேங்க் அட்டவணை பார்க்கும்போது ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. என்ஐடி-களில் பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தவருக்கு. திருச்சிக்கு நீங்கள் சொந்த மாநில வரிசையைப் பார்க்க வேண்டும். சூரத்கல், கோழிக்கோடு என்றால் வெளிமாநில வரிசை. காரைக்காலில் இருக்கும் புதுச்சேரி என்ஐடி நம் ஊர் மாதிரித் தோன்றும், ஆனால் தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு அதுவும் வெளிமாநிலம்தான். காஞ்சிபுரம் ஐஐஐடிடிஎம் என்ற மத்திய நிறுவனத்தில் சொந்த மாநில ஒதுக்கீடே கிடையாது.

ஜோசாவில் இடம் உறுதியாகும் வரை டிஎன்இஏ இடத்தை விடாதீர்கள். டிஎன்இஏ-யில் தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் "அக்செப்ட் அண்ட் அப்வேர்டு" கொடுத்தால் கிடைத்தது கையில் இருக்கும், மேலே காலியானால் தானாக நகரும். குறித்த நாளுக்குள் கட்டணம் கட்ட மறந்தால் இடம் போய்விடும். "டிக்ளைன் அண்ட் அப்வேர்டு" வேறு. அதில் கிடைத்ததை விட்டுவிடுகிறீர்கள்.

ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இப்போதே முழுப் பணம் கட்டி, அசல் சான்றிதழையும் தரச் சொல்கிறார்கள்.
ஒரு தந்தை, விழுப்புரம்

அசலைத் தராதீர்கள். சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்பதுதான் உயர்கல்வியை ஒழுங்குபடுத்தும் யுஜிசி, ஏஐசிடிஇ அமைப்புகளின் விதி. பணம் கட்டும் முன் திருப்பித் தரும் விதியை எழுத்தில் வாங்குங்கள். டிஎன்இஏ பாஸ்வேர்டையும் ஓடிபி-யையும் "சீட் வாங்கித் தருகிறேன்" என்று போனில் பேசும் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

கட் ஆஃப் 110. என்னை எந்தக் கல்லூரி எடுக்கும்?
மாணவர், கள்ளக்குறிச்சி

ஏதோ ஓர் இடம் கிடைக்கும் தம்பி, ஒவ்வொரு வருடமும் கலந்தாய்வின் முடிவில் இடங்கள் மீதி இருக்கின்றன. ஆனால் காலியாக இருக்கிறது என்பதற்காகச் சேராதே. அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது, அதைப் பார். பத்தில் மூன்று பேர்கூடத் தேறாத இடத்தை எழுதாதே. நேரில் போய் ஆய்வகத்தைப் பார், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று கேள்.

பட்டியலில் அரசு பாலிடெக்னிக்கையும் சேர். பிளஸ் டூ முடித்தவர்கள் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோவில் நன்றாகப் படித்தால் பொறியியலிலும் இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை உண்டு. கட்டணம் குறைவு, கையில் தொழிலும் வரும். எந்த டிரேடு பிடிக்கும் என்று எழுது, அதற்கேற்பக் கல்லூரிகளைச் சேர்ந்து பார்ப்போம்.