வீட்டிலேயே மேடைக் கட்டில்: தச்சர் பதில் சொல்கிறார்

கம்பிச்சுருள் அடித்தளம் எதுவும் இல்லாமல் மெத்தையை நேரடியாகத் தாங்கும் தட்டையான மரக்கட்டில் இது. முதன்முறையாக அதைச் செய்ய முனைந்தவர்களின் கேள்விகளும், மரவேலையில் ஊறிய ஒருவரின் பதில்களும்.

கேள்வி: ஐயா, என்னிடம் 150 செ.மீ. அகலம், 200 செ.மீ. நீளமுள்ள மெத்தை இருக்கிறது. தேக்கு வாங்கினால்தான் கட்டில் நிற்குமா?

எல்லோரும் மரத்தின் பெயரில்தான் தொடங்குகிறீர்கள். பைன், ரப்பர் மரம், வேம்பு, எது கிடைத்தாலும் கட்டில் நிற்கும். ஈர மரத்தில் செய்த கட்டில்தான், தேக்கே ஆனாலும், ஆட்டம் காணும். காயக் காய மரம் சுருங்கும், இணைப்புகள் தளரும். வீட்டுக்குள் வைக்கும் சாமான்களுக்கு மரத்தின் ஈரம் 8 முதல் 12 சதவீதம் வரை இருப்பது நல்லது. வாங்கிய சட்டங்களை, இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, கட்டில் போடப்போகும் அறையிலேயே இரண்டு மூன்று வாரம் விட்டுவிடுங்கள். வாங்கும்போது ஒவ்வொரு சட்டத்தையும் ஒற்றைக் கண்ணால் நீளவாக்கில் பாருங்கள். முறுக்கல் இருந்தால் தெரிந்துவிடும். மெத்தையைத் தாங்க அகலவாக்கில் வரிசையாகப் போடும் குறுக்குப் பலகையின் நடுவில் பெரிய கணு இருந்தால் அதை ஒதுக்குங்கள்.

அளவைப் பொறுத்தவரை, மெத்தையில் ஒட்டியிருக்கும் சீட்டை நம்பாமல் மெத்தையையே அளந்துகொள்ளுங்கள். விளிம்பு உயர்ந்த கட்டில் என்றால் உள்ளளவில் ஒன்றிரண்டு செ.மீ. தாராளம் விடுங்கள். இல்லாவிட்டால் படுக்கை விரிப்பைச் செருகும்போது தினமும் விரல் சிக்கும்.

கேள்வி: பக்கச் சட்டங்களைக் கனமாகவே போட்டிருக்கிறேன். நடுவிலும் விட்டம் வேண்டுமா?

வேண்டும். கட்டில் தொய்வதும் உடைவதும் பெரும்பாலும் நடுவில்தான். பக்கச் சட்டம் எவ்வளவு கனமாக இருந்தாலும், 150 செ.மீ. தூரம் தாங்கலின்றிக் கிடக்கும் குறுக்குப் பலகைக்கு அதனால் லாபமில்லை. நடுவில் விட்டம் வந்தால் அந்தத் தூரம் 75 செ.மீ. ஆகிவிடும். தாங்கல்களுக்கு இடையிலான தூரம் பாதியானால், நடுவே வைக்கும் அதே எடைக்குப் பலகை வளைவது எட்டில் ஒரு பங்காகக் குறையும். விலை உயர்ந்த மரம் எதுவும் இந்த வித்தியாசத்தைத் தராது.

அந்த விட்டத்தைப் படுக்கப் போடாமல் குத்துவாட்டில் நிறுத்துங்கள். 20 மி.மீ. கனமும் 90 மி.மீ. அகலமும் உள்ள ஒரு பலகையை நிறுத்தி வைத்தால், கிடத்தி வைக்கும்போது வளைவதில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான் வளையும். விட்டத்துக்கு 40 மி.மீ. கனமுள்ள சட்டம் போட்டால் பக்கவாட்டில் சாயாது. 200 செ.மீ. நீளத்துக்கு நடுவே குறைந்தது ஒரு கால், முடிந்தால் இரண்டு.

நடுக்கால் தரையைத் தொடாமல் அரை விரல் உயரத்தில் தொங்கும் கட்டில்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் கால் இருந்தும் இல்லாததுதான். தரை சமமில்லை என்றால் திருகி உயர்த்தக்கூடிய பாதம் ஒன்றை அதில் பொருத்துங்கள். விட்டத்தின் மேல்விளிம்பும், குறுக்குப் பலகைகளின் முனைகள் உட்காரப் பக்கச் சட்டங்களின் உட்புறத்தில் பொருத்தும் தாங்கு சட்டங்களின் மேல்விளிம்பும் ஒரே மட்டத்தில் வர வேண்டும். குறுக்கே நூல் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: குறுக்குப் பலகைகளுக்குப் பதில் ஒரே பிளைவுட் தகடு போட்டால் வேலை மிச்சமாகுமே?

வேலை மிச்சம்தான், மெத்தைக்குத்தான் மூச்சு முட்டும். உடம்பிலிருந்து இறங்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் அடியில் பூஞ்சணம் பிடிக்கும். பிளைவுட்தான் என்றால் 18 மி.மீ. கனம் எடுத்து, பரவலாகக் காற்றுத் துளைகள் இடுங்கள். இரண்டு தகடுகள் சேரும் இடம் விட்டத்தின் மேலேயே விழட்டும்.

என் ஓட்டு குறுக்குப் பலகைக்கே. 18 முதல் 20 மி.மீ. கனம், 70 முதல் 90 மி.மீ. அகலம், இடைவெளி 5 முதல் 7 செ.மீ. நுரை மெத்தைக்கு இடைவெளி அதற்கு மேல் போகக் கூடாது. மெத்தை இடுக்குகளில் இறங்கத் தொடங்கும்.

கேள்வி: அண்ணா, எங்கள் வீட்டுக் கட்டில் புரண்டு படுத்தாலே கிரீச்சென்கிறது. புதிதாகச் செய்வதில் இதைத் தவிர்க்க முடியுமா? அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் நாங்கள். கழற்றி மாட்டவும் வேண்டும்.

இரண்டுக்கும் விடை மூலை இணைப்பில் இருக்கிறது. சட்டத்தின் வெட்டுமுனையில் நேராக ஏற்றிய திருகாணி சரியாகப் பிடிக்காது. மரத்தின் நார்களுக்கு இணையாகப் போவதால் நாளடைவில் துளை தளர்ந்துவிடும். வெட்டுமுனை பசையையும் உறிஞ்சிவிடும், ஒட்டு நிற்காது. எனவே மூலைகளுக்கு போல்ட்டும் உருளை வடிவ நட்டும் போடுங்கள். இறுக்கமாகப் பிடிக்கும், கழற்றவும் எளிது. ஒவ்வொரு மூலையின் உட்புறத்திலும் எண் எழுதி வைத்தால் மறுபடி பூட்டும்போது தடுமாற்றம் இருக்காது.

பக்கச் சட்டத்தின் உள்ளே ஓடும் தாங்கு சட்டத்தின் கதை வேறு. இரண்டின் நார்களும் ஒரே திசையில் ஓடுவதால் பசை அருமையாகப் பிடிக்கும். பசை தடவி, பிடிப்பான் போட்டு இறுக்கி, 15 செ.மீ.க்கு ஒரு திருகாணி ஏற்றுங்கள். 4 மி.மீ. திருகாணி என்றால் மென்மரத்தில் 2.5 மி.மீ., வன்மரத்தில் 3 மி.மீ. துளையை முதலில் இடுங்கள். அந்தத் துளையைச் சோம்பலில் விட்டவர்களுக்குச் சட்டத்தின் முனை பிளக்கும்.

மற்றபடி, மரத்தோடு மரம் உரசும் இடத்தில்தான் சத்தம் பிறக்கிறது. தாங்கு சட்டத்தின் மேல் கம்பளித் துணிப் பட்டையோ கார்க் பட்டையோ ஒட்டிவிட்டு அதன்மேல் பலகைகளை வையுங்கள். பழைய கட்டிலுக்கும் இந்த வைத்தியம் பலிக்கும். முதலில் எல்லா நட்டுகளையும் இறுக்கிப் பாருங்கள். புதுக் கட்டிலிலும் ஒரு மாதம் கழித்து ஒரு முறை இறுக்க வேண்டும்.

கேள்வி: சட்டகம் கோணல் இல்லாமல் சதுரமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூலைக்கு மூலை, இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் சரி. உங்கள் சட்டகம் சரியாக 150க்கு 200 என்றால் மூலைவிட்டம் 250 செ.மீ. வரும்.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. எவ்வளவு உயரம் வைக்கலாம்?

படத்தில் பார்த்த தாழ்வான கட்டிலை மறந்துவிடுங்கள். அம்மா ஒரு நாற்காலியில் பாதம் தரையில் பதிய உட்காரட்டும். தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து, இரண்டு மூன்று செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். அதுவே மெத்தையோடு சேர்த்த உயரம். அதிலிருந்து மெத்தையின் கனத்தைக் கழித்தால் மேடையின் உயரம் கிடைக்கும். உட்காரும்போது மெத்தை அமுங்கும் என்பதால்தான் அந்தக் கூடுதல்.

கால்களை விளிம்பிலிருந்து 10 செ.மீ.யாவது உள்ளே தள்ளி வையுங்கள். இருட்டில் எழுந்து நடக்கும் சுண்டுவிரல் தப்பிக்கும்.

கேள்வி: சரக்கு அடுக்கி ஏற்றியிறக்கும் மரத் தட்டுகளின் (பேலட்) பலகைகளும் ஒரு பழைய கதவும் சும்மா கிடக்கின்றன. பயன்படுத்தலாமா?

சரக்குத் தட்டில் குத்தியிருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஆங்கிலத்தில் எச்டி (HT) என்று இருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தியது, தாராளமாக எடுக்கலாம். எம்பி (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு ஏற்றியது. படுக்கையறைப் பக்கமே கொண்டுபோக வேண்டாம். முத்திரையே இல்லையென்றாலும் விட்டுவிடுங்கள்.

பழைய கதவு நல்ல மரமாக இருக்கும், ஆனால் பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள், அதிலும் குழந்தைகள் இருக்கும் வீட்டில். ஊசித்துளைகளும் அவற்றினடியில் மாவு போன்ற தூளும் தெரிந்தால் உள்ளே வண்டு இருக்கிறது. அந்த மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

கேள்வி: அடியில் இழுப்பறைகள்?

முதல் கட்டிலுக்கு வேண்டாம். சக்கரம் வைத்த தனிப் பெட்டிகளை உள்ளே தள்ளிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேற்பூச்சு என்ன கொடுப்பது? எப்போது படுக்கலாம்?

120, பிறகு 180 எண் உப்புத்தாளால் நார் ஓடும் திசையில் தேய்த்துவிட்டு, வார்னிஷோ ஆளிவிதை எண்ணெயோ கொடுக்கலாம். பலகைகளின் அடிப்பக்கத்துக்கும் ஒரு கை பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் இரு பக்கமும் ஈரத்தை ஏற்பதில் வேறுபட்டுப் பலகை வளையும். ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். திறந்த வெளியில் விரித்துக் காயவிட்ட பிறகே வீசுங்கள். பூச்சின் வாடை முழுவதும் போன பிறகு மெத்தையை ஏற்றுங்கள். தொட்டால் ஒட்டவில்லை என்பது மட்டும் போதாது, ஒரு வாரமாவது ஆகும்.